முதல் உதைக்கு முன்

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய புல்லட் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியவர் காலமாகிவிட்டார், அல்லது முட்டிவலி வந்து வண்டி ஏறுவதையே விட்டுவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுக்கோ பேத்திக்கோ ஆசை வருகிறது. தார்ப்பாயை உருவி, தூசி தட்டி, பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றி, கிக்கரில் காலை வைக்கிறார்கள்.

அந்த முதல் உதைதான் பல வண்டிகளுக்கு எமன். இத்தனை வருடம் நின்றதால் வராத சேதம் ஒரு நிமிடத்தில் வந்து சேரும். “உதைக்காதே தம்பி, முதல்ல பிளக்கைக் கழட்டு” என்று பட்டறையில் மூத்த மெக்கானிக் தடுப்பது வெறும் அனுபவப் பேச்சல்ல. நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை. அதற்குள் உப்பும் நீரும் ஆக்சிஜனும் பெட்ரோலும் ஒவ்வொரு நாளும் வேலை செய்துகொண்டே இருந்திருக்கின்றன. அவை எங்கெங்கே என்னென்ன செய்து வைத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கிக்கரைத் தொட வேண்டும்.

வடசென்னையில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. புல்லட் என்ற பெயரை இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-லேயே சூட்டிவிட்டது. இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955-ல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்தது. தொடக்கத்தில் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. பிறகு வார்ப்பும் கடைசலும் இங்கேயே நடந்தன. 1967-ல் ரெட்டிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து புல்லட்டுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின.

70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம், 346 சி.சி. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த என்ஜினின் அடிப்படை வடிவம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை நீடித்தது. ஆகவே 1965 வண்டியைத் திறந்தவருக்கு 1995 வண்டி அந்நியமாக இருக்காது. ஜி.பி. ரோட்டுக் கடைகளிலும் புதுப்பேட்டைச் சந்துகளிலும் அதன் பாகங்கள் இன்றைக்கும் கிடைப்பதற்கு இந்தப் பிடிவாதமான நீட்சிதான் காரணம்.

வண்டியின் மற்ற உறவுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. டயர் எம்.ஆர்.எஃப். என்றால், அந்த நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்து தொடங்கி, 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு அதே ஊரில் டயருக்கு மாறியது. பெட்ரோலுக்கு மணலி இருக்கிறது. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை அது. என்ஜினும் ரப்பரும் எரிபொருளும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் பிறக்கும் இடம் நாட்டில் அரிது. அவற்றைத் தின்னும் காற்றும் அதே வட்டத்துக்குள்தான் வீசுகிறது.

கடலலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகக் கரைக்கு வருகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே அவற்றின் அளவு சடசடவென்று குறையும். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் வீடுகள் அந்தச் சில நூறு மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. துகள் உலோகத்தில் ஒட்டியதும் அடுத்த வேலை தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். சென்னைக் காற்று அவ்வளவு வறண்டு போகும் நாள் மிகக் குறைவு. அதாவது மழையே படாமல் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிப்பது மின்வேதி வினை. ஒரே தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைப் பெறுகிறது. இரண்டுக்கும் நடுவில் மின்னோட்டம் செல்ல ஈரம் வேண்டும், அந்த ஈரத்தில் அயனிகள் இருந்தால் இன்னும் வேகம். உப்பு அந்த வசதியைச் செய்து கொடுக்கிறது. நிலக்கரி எரிப்பதால் வரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகி வேகத்தைக் கூட்டுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-களிலிருந்து 2017-ல் மூடப்படும் வரை புகைந்தது; வடசென்னை, வல்லூர் நிலையங்கள் இன்றும் எரிகின்றன. கடல் உப்பும் தொழிற்சாலைக் கந்தகமும் சேர்ந்த காற்று இரும்புக்கு மிக மோசமான சூழல்களில் ஒன்று. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் அமைந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அரிமானத்தைத் தனித்துறையாக எடுத்து ஆராய்வது, நீண்ட கடற்கரை கொண்ட நாட்டில் வெறும் ஏட்டுப் படிப்புக்காக அல்ல.

வெளித்துரு கண்ணுக்குத் தெரியும். பயப்பட வேண்டியது உள்ளே இருப்பது.

பெட்ரோல் டேங்கிலிருந்து தொடங்குவோம். மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. பகலில் சூடேறும்போது டேங்குக்குள் இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து வெளியேறுகின்றன. இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பெட்ரோல் குறைந்து பத்து லிட்டர் இடம் காலியாக இருக்கிறது, பகலுக்கும் இரவுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் என்று கொண்டால் தினமும் கால் லிட்டர் காற்று மாறும். சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு இருபது கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிகிராம் நீர், ஆண்டுக்கு சுமார் 2 கிராம். எல்லாம் தகட்டில் படியாது. ஆனால் ஒரு கிராம் நீர் முழுவதும் துருவாக மாறினால் ஆறு கிராம் இரும்பைக் கூடவே எடுத்துச் செல்லும். பத்து வருடத்தில் டேங்கின் அடியில் செம்மண் போலக் குவிந்திருக்கும் தூள் இப்படித்தான் சேர்ந்தது. வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வை, இல்லையேல் முழுக்க வடித்து எண்ணெய் தடவி வை, பாதியில் மட்டும் விடாதே என்பதற்குக் காரணமும் இதுவே.

பெட்ரோலும் கெடும். அது ஒரே திரவமல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்த என்ஜின் பற்றுவதற்கு உதவுபவை அவைதாம். மிச்சமிருப்பவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடாகி, ஒன்றோடொன்று கோத்துப் பிசினாகின்றன. அதைத் தள்ளிப்போடத்தான் ஆலையிலேயே எதிர்-ஆக்சிஜனேற்றப் பொருள் கலக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 100 டிகிரி சூட்டில், ஆக்சிஜன் அழுத்தத்தில் வைத்தால் பெட்ரோல் குறைந்தது 360 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். சோதனைக் கலத்தில் ஆறு மணி நேரம் என்பது பங்க்கிலும் டேங்கிலும் சில மாதங்களுக்குச் சமாளிக்கும் என்று பொருள். பன்னிரண்டு வருடத்துக்கு அல்ல. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் நெடி மூக்கில் ஏறினால் சந்தேகமே வேண்டாம், வடித்துவிட வேண்டியதுதான். அதைச் சாக்கடையில் கொட்டுவது பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் செய்யும் கொடுமை. அந்த நீர்நிலைகள் ஏற்கெனவே பட்டது போதும். மூடிய டப்பாவில் பிடித்து, கழிவெண்ணெய் எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

வண்டி நிறுத்திய காலத்துப் பெட்ரோலும் இன்று பங்க்கில் கிடைப்பதும் ஒன்றல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நின்றது. இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் நீரை ஈர்க்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில், பெட்ரோல் காக்கின் வாயருகே தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் சில பழைய பூச்சுகளையும் அது ஊறவைத்து இளக்கும். கார்பரேட்டரின் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வெள்ளைப் பூஞ்சையாகத் தெரிவது அரிமானம்தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிவதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும். பழைய அளவு ஜெட்டையே வைத்தால் கலவை நீர்த்து என்ஜின் சூடாகும். சுத்தம் செய்து பூட்டிய பிறகும் ‘இழுவையில்லை, ஏர் எடுக்கிறது’ என்ற புகார் தொடர்ந்தால் ஜெட்டை ஓர் அளவு ஏற்றிப் பார்ப்பது நியாயம்.

கார்பரேட்டரில் முதலில் அடைவது ஸ்லோ ஜெட். அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை அளவு வட்டம் தெரிய வேண்டும். பிசின் படிந்திருந்தால் ஒன்றும் தெரியாது. கம்பியை விட்டுக் குடைந்தால் பித்தளைத் துளை அகன்று கலவைக் கணக்கே மாறிவிடும். கரைப்பானில் ஊறவைத்து, காற்றடித்து எடுப்பதுதான் முறை.

டேங்கின் உட்துருவை அகற்றப் பல வழிகள் உண்டு. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். சிட்ரிக் அமிலமும் புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் இரும்பு அயனியைக் கவ்விப் பிடித்துக் கரைசலுக்கு இழுத்து வரும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நீர்த்த புளிக்கரைசல் மெதுவாக வேலை செய்தாலும் நல்ல இரும்பை அதிகம் தின்னாது. மின்பகுப்பு முறையும் நம்பகமானது: டேங்கில் சலவைச் சோடாக் கரைசல் நிரப்பி, உள்ளே தகட்டைத் தொடாமல் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, சார்ஜரின் எதிர்முனையை டேங்குக்கும் நேர்முனையைக் கம்பிக்கும் கொடுப்பது. கரைசலில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைப் பெயர்க்கும். அந்த ஹைட்ரஜன் பற்றக்கூடியது, ஆகவே காற்றோட்டம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் கம்பி கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் கொடியது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும்; காலி டேங்கில் அந்த விகிதம் எளிதாக அமைந்துவிடும். ஓட்டை அடைக்கிறேன் என்று கழுவாத டேங்கில் வெல்டிங் வைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. சுத்தம் செய்யும்போது டேங்கின் வெளிப்புறத்தைப் பத்திரமாக மூடிக்கொள்வதும் அவசியம். பழைய புல்லட் டேங்கின் மேல் ஓடும் தங்கக் கோடு ஸ்டிக்கர் அல்ல, திருவொற்றியூரில் ஒருவர் தூரிகையால் கைநடுக்கமில்லாமல் இழுத்தது. ஒரு சொட்டு அமிலம் அதைப் போக்கிவிடும். அந்தக் கோட்டைக் காப்பாற்றுவது துருவை எடுப்பதற்குக் குறைந்த வேலையல்ல.

இனி சிலிண்டர். நின்றுபோன என்ஜினில் பிஸ்டன் எங்கே நின்றது என்பது தற்செயல், ஆனால் விதி அதைப் பொறுத்திருக்கிறது. இரண்டு வால்வும் மூடிய நிலையில் நின்றிருந்தால் சிலிண்டர் ஓரளவு அடைத்த பெட்டி. ஏதாவது ஒரு வால்வு திறந்தபடி நின்றிருந்தால் சைலன்சர் வழியாகவோ கார்பரேட்டர் வழியாகவோ உப்புக்காற்று பல வருடம் உள்ளே போய்வந்திருக்கும். வார்ப்பிரும்புச் சுவருக்கு எண்ணெய்ப் படலத்தைத் தவிர வேறு காப்பு கிடையாது. அது வழிந்து போனதும் பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் துரு வளர்கிறது. துரு தன்னை ஈன்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுப்பதால் ரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் ஜாம் ஆகிவிட்டது என்பார்கள்.

இந்த இடத்தில் பலர் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தைத் தெளிவாக மறுக்க வேண்டும். நின்ற வண்டி கெடாமலிருக்க வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியேறிவிடும். இரண்டு நிமிடத்தில் சைலன்சரும் கிராங்க்கேஸும் சூடாவதில்லை. நீர் அங்கேயே குளிர்ந்து, எரிப்பில் வந்த அமிலங்களோடு எண்ணெயில் கலக்கிறது. சைலன்சர் உள்ளிருந்து ஓட்டை விழுவதற்கு இது முக்கியக் காரணம். ஓட்டினால் அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொடாமல் விடுவது மேல்.

பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஊடுருவும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, சில நாள் காத்திருக்க வேண்டும். மிக மெல்லிய இடைவெளியில் திரவம் தானாகவே ஏறிப் பரவும் நுண்புழை விசை மீதி வேலையைச் செய்யும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்கலாம். கிக்கரை மிதித்தால் முழு எடையும் கியர்பாக்ஸின் ஒரு சின்னப் பல்லில் விழும். பிஸ்டன் அசையாது, பல்தான் உடையும். சக்கரம் அசைந்து, பிஸ்டனும் கூடவே அசைந்தால் பாதிக் கண்டம் தாண்டியது. அசையவே இல்லையென்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றுவதைத் தவிர வழியில்லை. சுவரில் குழி விழுந்திருந்தால் லேத்தில் போர் ஏற்றி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டிவரும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு விதி இன்னும் கடுமை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையில் நூற்றுக்கணக்கான தெருக்களை மூழ்கடித்தது. எண்ணூர்ப் பக்கம் அந்த நீரில் எண்ணெய்ப் படலமும் மிதந்து வந்தது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த என்ஜினை உதைத்தால் காற்றைப்போல நீர் சுருங்காது. மேலேறும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அது அகப்பட்டால் வளைவது கனெக்டிங் ராட். எண்ணெய் மூடியைத் திறந்ததும் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. வடித்து, புது எண்ணெய் விட்டு, சற்றுச் சுழற்றி, மறுபடி வடித்து, நிறம் தெளியும்வரை தொடர வேண்டும்.

பிஸ்டன் தளர்ந்ததும் எண்ணெய்ப் பாதையைப் பார்க்க வேண்டும். என் எண்ணத்தில், இந்த வேலை முழுவதிலும் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் கட்டம் இது. பழைய புல்லட்டின் எண்ணெய் கிராங்க்கேஸோடு சேர்ந்த தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்ப் அதை எடுத்துக் கொடுக்கிறது, இன்னொன்று திருப்பி அனுப்புகிறது. வருடக்கணக்கில் நின்றால் எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். எண்ணெய் அளவு குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றி உதைத்தால் அறையில் தேங்கியது பிரீதர் வழியாகப் பீய்ச்சியடிக்கும். அதே வேளையில், எண்ணெய் இருக்க வேண்டிய குழாய்கள் வறண்டு கிடக்கும்.

அந்தக் குழாய்கள் போய்ச் சேருமிடம் பிக் எண்ட். கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் அந்த மூட்டில் பழைய புல்லட்டுகளில் உருளை பேரிங் கிடையாது. மென்மையான வெள்ளை உலோகம் பூசிய மிதக்கும் புஷ் இருக்கும். அழுத்தத்தோடு வரும் எண்ணெய் அதை உள்ளும் புறமும் தாங்கிப் பிடிக்கிறது. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உலோகமும் உலோகமும் தொடுவதில்லை, தேய்மானமே அரிது. படலமில்லாமல் என்ஜின் பற்றிக்கொண்டால் அந்த வெள்ளை உலோகம் நிமிடங்களில் உருகி வழியும். பிறகு கேட்கும் ‘டக் டக்’ சத்தத்துக்கு என்ஜினையே முழுதாகப் பிரிக்க வேண்டும்.

ஆகவே இரண்டு அறைகளையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் நிரப்ப வேண்டும். பிறகு பிளக் இல்லாமலேயே கிக்கரை மெதுவாகப் பலமுறை இறக்க வேண்டும். பிளக் இல்லாததால் அழுத்தம் கிடையாது. கிராங்க் லேசாகச் சுழலும், பம்ப் குழாய்களை நிரப்பும். ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்தால், சிறிது நேரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விளிம்பில் திரண்டு வழியும். சுழற்சி தொடங்கிவிட்டது. அந்தச் சொட்டைப் பார்க்காமல் பிளக்கைப் பூட்டக் கூடாது.

மின்சாரப் பக்கம் பெரும்பாலும் சின்னக் கோளாறுகள்தான். பேட்டரி செத்திருக்கும்: சார்ஜ் இழந்த ஈய-அமில பேட்டரியில் ஈய சல்பேட் பெரிய படிகங்களாக வளர்ந்து கெட்டிப்பட்டுவிடும், சார்ஜரால் அவற்றைக் கரைக்க முடியாது. புதிது வாங்குவதே வழி. பாயிண்ட் கவனத்துக்குரியது. அதன் முனைகள் டங்ஸ்டன். பளபளப்பாகத் தெரிந்தாலும் மேலே மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் இருக்கும். ஆறு வோல்ட் வண்டியில் அதைத் துளைக்கும் தெம்பு கிடையாது. மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, சுத்தமான அட்டையை நடுவில் இழுத்தெடுத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தால் போதும். கண்டன்சரை மட்டும் சோதிக்காமலே மாற்றிவிடலாம். பழையதில் ஈரம் ஏறியிருந்தால் பாயிண்டில் நீலப்பொறி பறக்கும், பிளக்கில் வராது, விலையோ சொற்பம்.

இப்போது உதைக்கலாம். பழைய புல்லட்டை உதைப்பதும் ஓர் இயற்பியல் பாடம். பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடுவதால் ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும்; திறந்தால் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறப்பது அழுத்த ஓட்டத்தின் உச்சியருகில். எனவே சாவியைப் போட்டு, கிக்கரை இறுகும்வரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் சற்று இறக்கினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது என்று பொருள். நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுவதும் மிதிக்க வேண்டும். இப்படிச் செய்தால் அடுத்த அழுத்தத்துக்கு முன் கனமான ஃப்ளைவீலுக்கு வேகம் சேர ஏறக்குறைய இரண்டு சுற்று கிடைக்கிறது. அவசரப்பட்டு உச்சிக்கு முன்னாலிருந்து உதைத்தால் கிக்கர் திருப்பியடிக்கும். கணுக்கால் எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பற்றியதும் தெருவுக்கு எடுத்துப் போகத் தோன்றும். பிரேக்கையும் டயரையும் பார்க்காமல் கூடாது. பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் கம்பிரஸர் பைப்பால் ‘புஸ்’ என்று ஊதுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். பக்கத்தில் நிற்கும் பட்டறைப் பையனின் நுரையீரலும் இதில் அடக்கம்.

டயரின் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குகிறது. ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டும். இழுபட்டிருக்கும் இடத்தில் வெட்டு விரிசலாகத் திறக்கும். இதைத் தடுக்க மெழுகும் எதிர்-ஓசோன் பொருளும் தயாரிப்பிலேயே கலக்கப்படுகின்றன. ஓடும் டயர் நெளியும்போதெல்லாம் அவை மேற்பரப்புக்குப் புதிதாகக் கசிந்து வரும். நின்ற டயருக்கு அந்த வாய்ப்பில்லை. அதனால்தான் பட்டன் தேயாமல் புத்தம்புதிதாகத் தெரியும் டயரின் பக்கச்சுவரில் பல்லி ஓடியதுபோல் விரிசல். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2311 என்றால் 2011-ன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்; பழைய புல்லட்டின் 3.25-19 அளவு இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

கடைசியில் காகிதம். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய, மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. அந்த விதிப்படி பதிவு செய்தவற்றை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான். புதுப்பிக்கும்போது வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் பார்ப்பார்கள். கடற்கரை வண்டிகளில் எண் பொறித்த இடத்திலும் துரு ஏறியிருக்கும். அங்கே மட்டும் கிரைண்டரையோ உப்புத்தாளையோ வைத்துவிடக் கூடாது. ஓர் இலக்கம் மழுங்கினாலும் எண் திருத்தப்பட்டது என்ற சந்தேகம் எழும், அதைத் தீர்ப்பது என்ஜின் ஜாமைத் தீர்ப்பதைவிடக் கடினம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரவு முழுவதும் அதன் மேல் சுற்றி வைத்து, காலையில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெல்லத் துலக்கி, எண் தெளிவாகத் தெரிந்ததும் அங்கே கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் போதும்.